நாலந்தா பார்க்கப் போகும் வழி

மாத்தளை மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போறவங்களுக்கு ஒரு வழமையான பாதை இருக்கு. கண்டியிலிருந்து ஏ9 வீதியில் வந்தால் முதலில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம். அடுத்தது அளுவிகாரை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பாளி மொழிப் பௌத்த நூல்களை ஏட்டில் எழுதிவைத்த இடம். பிறகு வரிசையாக ஸ்பைஸ் கார்டன்கள். கறுவா, மிளகு, கொக்கோ எல்லாம் காட்டி, முதுகில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, கடைசியில் ஒரு போத்தலையாவது வாங்க வைக்காமல் விடமாட்டார்கள். அதற்கப்பால் தம்புள்ளை, சிகிரியா. இடையில், மாத்தளையிலிருந்து ஏறக்குறைய 23 கிலோமீற்றரில், நாலந்தா என்று ஓர் ஊர் வரும். அங்கே வேன் நிற்குமா இல்லையா என்பது டிரைவரின் மனசைப் பொறுத்தது. நின்றால் அரை மணித்தியாலம்.

சின்ன ஊர்தான். சந்தியில் சில கடைகள், பஸ் நிற்கிற இடம், அதைவிட்டால் வயலும் தென்னையும் மிளகுக் கொடியும். தீவின் நடுப்புள்ளி இதுதான் என்று சொல்வதுண்டு. வரைபடத்தை மடித்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. பீகாரில் இருந்த பழைய பௌத்தப் பல்கலைக்கழகத்துக்கும் இதே பெயர் என்பதால், இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வந்து நிற்கும். 'கெடிகே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடுங்க.

ஊருக்கு வருகிறவர்கள் பார்ப்பது அந்தக் கெடிகேயை. இந்தக் கட்டுரையில் பாதி அதைப் பற்றியது. மற்றப் பாதி, கெடிகேக்குத் திரும்புகிற சந்தியில் எல்லாருடைய காலடியிலும் கிடக்கிற தார் றோட்டைப் பற்றியது.

முதலில் கோயில். சந்தியிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீற்றர் அளவு உள்ளே போகணும். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் விரிந்து கிடக்கும். தண்ணீரை ஒட்டிய மேட்டில், தனியாக, கருங்கல் கட்டடம் ஒன்று. கெடிகே என்பது வளைகூரை எழுப்பிக் கட்டிய சிலைமனைக்குச் சிங்களத்தில் உள்ள பெயர். பொலன்னறுவையில் இருக்கிற கெடிகேகள் பிரமாண்டமான செங்கல் கட்டடங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். நாலந்தாவில் இருப்பது அப்படி இல்லை. முழுக்கக் கல். அளவில் அடக்கமானது. முன்னால் மண்டபம், அடுத்து ஓர் இடைகழி, உள்ளே கருவறை, கருவறையைச் சுற்றி வர ஒரு வழி, மேலே சிகரம். மாமல்லபுரத்துக் கோயில்களைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு இது சொந்தக்கார முகம் மாதிரி இருக்கும். கூரையின் கூட்டுக்குள்ளே குபேரன் உட்கார்ந்திருக்கிறார். குட்டையாக, தொந்தியோடு பூதகணங்கள் இருக்கிறார்கள். அடித்தளத்தில் ஒரு காமச் சிற்பமும் உண்டு. மழையும் வெயிலும் அதை நன்றாகத் தேய்த்துவிட்டன. ஆனாலும் கூட்டமாக வருகிற ஸ்கூல் ட்ரிப்பில் யாராவது ஒருத்தர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், டீச்சர் வேறு பக்கம் கையைக் காட்டுவார்.

கட்டிய காலம் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் பல்லவர் காலம் முடிந்து சோழர் தலையெடுக்கிற காலம் அது. திராவிடக் கட்டட முறையில் எழுந்த பௌத்த சிலைமனை என்பது பொதுவான கருத்து. தாந்திரிக பௌத்தத்தின் சாயல் இருக்கிறது என்பவர்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு தீவின் ஆட்சிக்காகப் போரிட்ட காலத்தில் நாலந்தாவில் படைத்தளம் வைத்திருந்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. இடத்தைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். வடக்கே சமவெளி, தெற்கே மலை, இரண்டுக்கும் நடுவில் கதவு மாதிரி இந்த ஊர்.

இது கோயிலா விகாரையா, நம்முடையதா அவர்களுடையதா என்று ஒரு சண்டை இந்த நாட்டில் எந்தக் கல்லைத் தொட்டாலும் கிளம்பும். நாலந்தாவைப் பொறுத்தவரை அந்தச் சண்டை எங்களுக்குச் சலிப்பைத்தான் தருகிறது. இரண்டு கரையிலும் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள், கல்தச்சர்களின் கையறிவும் அவர்களோடு வந்து போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. உளியைப் பிடித்தவர் எந்த மொழியில் பசிக்கிறது என்று சொன்னார் என்பதைக் கல் சொல்லாது.

எங்களை அங்கே அதிக நேரம் நிற்க வைத்தது வேறொரு விஷயம். இந்தக் கோயில் இப்போது இருக்கிற இடத்தில் கட்டப்படவில்லை. மகாவலித் திட்டத்தின்படி பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அங்கே மின்சாரம் எடுத்துவிட்டு சுது கங்கையில் விட்டால், அது அம்பன் கங்கையோடு வந்து போவதென்ன நீர்த்தேக்கத்தில் சேரும். அங்கிருந்து இன்னொரு சுரங்கம் வழியாக கலாவெவப் பக்கத்து வயல்களுக்குப் போகும். பொல்கொல்லைத் திட்டம் 1976இல் வேலை செய்யத் தொடங்கியது. போவதென்னையில் தண்ணீர் நிரம்பினால் கெடிகே மூழ்கும் என்று தெரிந்ததும், 1970களில் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். பிறகு 1980 அளவில், மேட்டில், பழையபடி அடுக்கினார்கள். எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பெல் கோயிலை 1964க்கும் 1968க்கும் இடையில் அறுத்துத் தூக்கி வைத்தார்களே, அதே மாதிரி வேலை, சின்ன அளவில்.

ஒரு கட்டடத்தை அப்படிக் கழற்றிப் பூட்டுவது லேசான காரியம் இல்லை. எந்தக் கல் எந்த வரிசையில், எந்தக் கல்லுக்கு அடுத்து இருந்தது என்று குறித்து வைக்காமல் முடியாது. ஒரு கல் மாறினால் மேலே உள்ள வரிசை உட்காராது. எந்தக் கல்லும் தொலைந்துவிடக்கூடாது என்று ஓர் அரசாங்கம் கவனம் எடுத்திருக்கிறது. அதற்காக அந்த வேலையைச் செய்தவர்களைப் பாராட்டத்தான் வேணும். இந்தக் கவனத்தை மனசில் வைத்துக்கொண்டு திரும்பச் சந்திக்கு வாங்க.

நாங்கள் போனது நாலு பேர். கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் படிக்கிறவர்கள், அதில் மூன்று பேர் தோட்டத்துப் பிள்ளைகள். சந்தியில் டீ குடித்த கடையில் இருந்த வயசாளியிடம், "மாமே, அந்தக் காலத்துப் பழைய றோட்டு எங்கே போனது?" என்று எங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டோம். அவர் கையை வெளியே நீட்டி, "மே பார தமய்" என்றார். இந்த றோட்டுதான். லொறி ஒன்று அந்த நேரம் தம்புள்ளைப் பக்கம் வெங்காயம் ஏற்றப் போய்க்கொண்டிருந்தது.

இந்த றோட்டுதான் 19ஆம் நூற்றாண்டில் வடக்குப் பாதை. கண்டிச் சீமைக்குக் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் மன்னாரிலிருந்து நடந்து வந்த பாதை. ஜோர்ஜ் பேர்ட் 1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பி போட்டதிலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பிக்கு ஆதரவு கொடுத்தார். 1830களின் கடைசியிலிருந்து கோப்பி ஒரு வெறியாகவே பரவியது. மலைகளில் காடு சரிந்தது. வேலைக்கு ஆள் வேணும். சொந்தமாகத் துண்டு வயலாவது வைத்திருந்த கண்டிக் கிராமத்து மக்கள் வெள்ளைக்காரன் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிரந்தரமாகப் போய்க் கிடக்க விரும்பவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மதராஸ் மாகாணத்தில், பஞ்சமும் நிலமின்மையும் சாதியும் சேர்ந்து ஆட்களை ஊரைவிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தன. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணியின் பின்னால் புறப்பட்டார்கள். கங்காணி முற்பணம் கொடுத்திருப்பார். வழிச்செலவும் அதில் சேரும். ஆக, முதல் அடி வைக்கும்போதே கடன்காரர்.

கரையோரத்துக்கு நடை. அங்கிருந்து தோணி. மன்னார்க் கரையில் இறங்கினதும் மறுபடி நடை. மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை. கடலிலிருந்து மாத்தளை வரை சுமார் 150 மைல். ஒரு நாளைக்கு 15 மைல் நடந்தாலும் பத்து நாள். தலையில் அரிசியும் சட்டிபானையும், காலில் ஒன்றும் இல்லை.

இதில் ஒரு விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் தேயிலைக் காலத்தில் வந்தவர்களைப் போலக் குடும்பம் குடும்பமாக வந்து தங்கியவர்கள் இல்லை. 1844ஆம் ஆண்டில் மட்டும் 76,000க்கு மேற்பட்டவர்கள் வந்திறங்கியதாக அரசாங்கக் கணக்கு. அதில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆண்கள், பருவ வேலைக்கு வந்தார்கள், பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானவர்கள் அதே றோட்டில் திரும்பி நடந்தார்கள். அதனால் வடக்குப் பாதையில் போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது. வருகிறவன் வெறும் வயிற்றோடு வருவான். போகிறவன் மடியில் கொஞ்சம் காசோடு, உடம்பில் காய்ச்சலோடு போவான்.

பருவம்தான் அவர்களைக் கொன்றது என்றும் சொல்லலாம். கோப்பி பழுக்கிறது ஆண்டின் கடைசி மாதங்களில். அதற்கு முன்னே தோட்டத்துக்கு வந்து சேரணும் என்றால், வடக்கில் குளங்கள் வற்றிக் கிடக்கிற வெயில் மாதங்களில் நடக்கணும். சேறாகக் கிடந்ததைக் குடித்தார்கள். கொலரா வந்தது. அம்மை வந்தது. ஒருத்தர் நடக்க முடியாமல் விழுந்தால் கூட்டம் நிற்காது. நின்றால் நிற்கிறவர்களுக்கும் அரிசி தீர்ந்துவிடும், கங்காணிக்கு நாள் தப்பும். மர நிழலில் விட்டுவிட்டுப் போவார்கள். பாதையோரக் கிராமத்தவர்கள் கொலராவுக்குப் பயந்து பாதையை விட்டு விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நோய் எப்படிப் பரவுகிறது என்று வைத்தியர்களுக்கே தெளிவில்லாத காலம் அது. அரசாங்கம் பிறகு கிணறு வெட்டியது, தங்குமடம் போட்டது, வைத்தியசாலை வைத்தது. அதற்குள் காலம் போய்விட்டது. செய்ததும் போதவில்லை. இதற்கெல்லாம் காசு யார் கொடுப்பது என்று துரைமார்களும் அரசாங்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தது தனிக் கதை. இறக்குமதி செய்த ஒரு மாட்டுக்கு இதைவிட நல்ல கவனிப்புக் கிடைத்திருக்கும் என்று எங்களில் ஒருத்தர் சொன்னதை மற்றவர்கள் மறுக்கவில்லை.

எத்தனை பேர் செத்தார்கள்? 1841க்கும் 1849க்கும் இடையில் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நாலில் ஒருத்தர், இறந்திருக்கலாம் என்று அக்காலத்துக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்த எண் மிகை என்று வாதிட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். திரும்பிப் போகாதவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் என்று எடுக்க முடியாது, தோட்டத்தில் தங்கினவர்களும் வேறு வழியால் போனவர்களும் இருப்பார்கள் என்பது அவர்களுடைய வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் ஓர் அரசாங்கம் தன் ஆட்சியில் உள்ள றோட்டில் செத்தவர்களை ஒழுங்காக எண்ணவே இல்லை என்பதைத்தான் இந்த வாக்குவாதம் முழுக்கக் காட்டுகிறது. துறைமுகத்தில் ஏற்றின கோப்பிக்கு அந்தர்க் கணக்கு இருந்தது. இதைப் பற்றி ஆழமாக வாசிக்க விரும்புகிறவர்கள் டொனோவன் மொல்ட்ரிச் 1989இல் எழுதிய 'பிட்டர் பெரி பொண்டேஜ்', வான்டன் டிரீசனின் 'த லோங் வோக்' இரண்டையும் தேடிப் பாருங்க. தமிழில் இரா. சடகோபனின் 'கண்டிச் சீமையிலே' இருக்கு.

இனி, இதில் நாலந்தா எங்கே வருகிறது? றோட்டைத் தூரத்தால் பிரித்துப் பாருங்க. நாலந்தாவிலிருந்து மாத்தளைக்கு 23 கிலோமீற்றர், மைலில் சொன்னால் பதினாலு, பதினைந்து. சரியாக ஒரு நாள் நடை. வடக்கிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு, மாத்தளைக்கு முந்தின கடைசி இராத்திரி இந்த ஊர்ப் பக்கமாகத்தான் கழிந்திருக்க வேணும். மன்னாரிலிருந்து தம்புள்ளை வரை ஏறக்குறைய சமதரை. நாவுல தாண்டினதும்தான் இரண்டு பக்கமும் மலை கிட்ட வரத் தொடங்கும், காற்று மாறும், றோட்டு ஏறும். அதுவரை 'கண்டிச் சீமை' என்பது அவர்களுக்குக் கங்காணி சொன்ன ஒரு சொல். இங்கேதான் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வயலுக்குள்ளே பக்கத்தில் ஓர் ஆயிரம் வருஷத்துக் கல்கோயில், தங்கள் ஊர்க் கோயில் ஜாடையில், நிற்கிறது. அது அவர்கள் கண்ணில் பட்டிருக்குமா என்று நாங்கள் சந்தியில் நின்று வெகுநேரம் பேசினோம். றோட்டிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே. நடந்து களைத்தவன் கோயில் பார்க்க ஒரு கிலோமீற்றர் விலகி நடப்பானா? தண்ணீர் இருக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் நடந்திருப்பான்.

இந்த றோட்டுக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1848இல் ஆங்கிலேயர் போட்ட வரிகளில் ஒன்று றோட்டு வரி. ஆண்டுக்கு ஆறு நாள் றோட்டு வேலை செய்யணும், இல்லையென்றால் மூன்று சிலிங் கட்டணும். அந்த ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள், 28ஆம் திகதி கிளர்ச்சிக்காரர்கள் மாத்தளைக்குள் நுழைந்தார்கள். புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். கோப்பியை மலையிலிருந்து இறக்கத்தான் றோட்டுகள். அந்த றோட்டைப் போட ஊர்க்காரன் உடம்பு, அந்தக் கோப்பியைப் பறிக்கக் கடல் தாண்டி வந்தவன் உடம்பு. 1848க்கு மாத்தளையில் நினைவுச்சின்னம் இருக்கு, பாடப்புத்தகத்தில் பாடம் இருக்கு. அது இருக்கத்தான் வேணும். இரண்டு கதையும் ஒரே றோட்டில் ஒரே காலத்தில் நடந்தவை என்பதை ஒரே பாடத்தில் படித்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

மாத்தளை வந்து சேர்ந்தவர்கள் முதலில் போனது மாரியிடம் என்று சொல்வார்கள். மழைக்கும் அம்மைக்கும் உரிய தெய்வத்திடம், காட்டையும் கொலராவையும் தாண்டி வந்தவர்கள் போகாமல் வேறு எங்கே போவார்கள்? இப்போதைய கோயில் இருக்கிற நிலம் 1852இல் கொடையாகக் கிடைத்தது, 1874இல் செட்டிமார் உதவியோடு கோயில் எழுந்தது என்பது கோயில் வரலாறு. அங்கிருந்து கூட்டங்கள் பிரிந்தன. கண்டிப் பக்கம், நக்கிள்ஸ் மலைப் பக்கம், புசல்லாவைப் பக்கம். 1983 கலவரத்தில் அந்தக் கோயில் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். மாசி மகத்தில் ஐந்து தேர் ஊர்வலம் போகும்போது மாத்தளைத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. படம் எடுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் கைட்கள் கோபுரத்தின் உயரத்தைச் சொல்வார்கள். 108 அடி. கோயில் ஏன் இந்த ஊரில், மலைக்கு ஏறுகிற வாசலில் இருக்கிறது என்பதையும் சொன்னால் நல்லா இருக்கும்.

1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. கோப்பி செத்து, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேணும். ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகக் குடும்பங்கள் லயத்தில் தங்கின. 1880இல் ரயில் மாத்தளை வரை வந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடியும்போது வடக்குப் பாதையில் நடை நின்றுவிட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பலும் இரண்டு கரையிலும் ரயிலும் வந்த பிறகு, நடந்து வந்த கதை பாட்டன்மார் வாயில் மட்டும் மிஞ்சியது.

இனி அந்த 1970கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது என்று பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் பேசி, பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மரக்கறி பிரிக்கிற மாதிரி. 1970களில் மலையக ஸ்டேஷன்களில் குடும்பங்கள் கட்டிப் பிடித்து அழுதுகொண்டு ரயில் ஏறின. தலைமன்னார், அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம். பாட்டன் எந்தக் கரையில் இறங்கி நடக்கத் தொடங்கினானோ, பேரப்பிள்ளைகளை அந்தக் கரைக்கே கொண்டுபோய் ஏற்றினார்கள். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை. எங்களில் ஒருத்தருடைய அப்பாயி அவருடைய தங்கச்சியைக் கடைசியாகப் பார்த்தது ஒரு ஸ்டேஷனில்தான். பிறகு கோத்தகிரியிலிருந்து கடிதம் வரும், கொஞ்சக் காலத்தில் அதுவும் நின்றுவிட்டது.

நாலந்தாவில் கோயிலைப் பிரித்து, எந்தக் கல்லும் அடுத்த கல்லைவிட்டுத் தப்பிவிடக் கூடாது என்று குறித்துவைத்ததும் அதே பத்து வருஷத்தில்தான். அதே நாட்டில். அதே தீவின் நடுவில். கெடிகேயைக் காப்பாற்றியது தப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை, யாரும் அப்படிப் படிக்க வேண்டாம். ஒரு நாட்டுக்கு ஒரு பொருளைக் கவனமாகக் கையாளத் தெரியும், அதற்குப் பொறியியலாளர்களும் காசும் பொறுமையும் இருக்கு என்பதற்குக் கெடிகே சாட்சி.

நாங்கள் நடந்த துண்டில், சந்தியிலும் றோட்டோரத்திலும், தொல்லியல் இடத்துக்குப் போகும் வழிகாட்டிப் பலகை இருந்தது, ஹோட்டல் பலகைகள் இருந்தன, ஸ்பைஸ் கார்டன் பலகைகள் தாராளமாக இருந்தன. இந்த வழியாக ஆட்கள் நடந்தார்கள் என்று ஒரு வரியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. கிணறும் தங்குமடமும் எந்த மைலில் இருந்தன என்று யாராவது வரைபடம் போட்டு, ஊர் ஊராகச் சின்னக் கல் ஒன்று நாட்டினால் அதிகச் செலவாகாது. மூன்று மொழியிலும் எழுதலாம். சைட் சீயிங் வருகிற வேன் நிற்கும். பார்த்துவிட்டுப் போகிறவர்களில் பத்துப் பேரில் ஒருத்தராவது வாசிப்பார். இப்போது எல்கடுவைப் பக்கம் செம்புவத்தை வாவிக்கு எல்லாரும் போகிறார்கள், தேயிலைக்கு நடுவில் அழகான இடம்தான், நாங்களும் போனோம். போகிற வழியில் லயங்களைப் பார்க்கலாம். போனில் அவை 'பேக்கிரவுண்ட்' ஆகத்தான் விழுகின்றன.

2023இல், மலையக மக்கள் வந்து 200 வருஷம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வந்து சேர்ந்தார்கள். அதே வெயில் மாதம். வழியில் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்களில் ஆட்கள் தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், கூட நடந்தார்கள். 1840களில் அந்த றோட்டில் கிடைக்காதது அதுதான். அந்தப் பயணத்தில் சும்மா நடக்கவில்லை, நிலம், வீடு, சமமான சம்பளம், மொழி என்று கோரிக்கைகளோடுதான் நடந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்னும் கோரிக்கைகளாகவே இருக்கின்றன.

நாலந்தாவுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: கண்டியிலோ மாத்தளையிலோ தம்புள்ளை பஸ் எடுத்து, கெடிகே சந்தியில் இறக்கிவிடச் சொல்லுங்க. காலையில் போனால் வெயில் குறைவு, கல்லில் வெளிச்சம் சாய்வாக விழும், பூதகணங்களின் முகம் நல்லாத் தெரியும். தண்ணீர்ப் போத்தல் எடுத்துப் போங்க. பார்த்து முடித்துச் சந்திக்கு வந்ததும் உடனே பஸ் ஏறாமல், மாத்தளைப் பக்கமாக மடவல உல்பத்த வரைக்கும் என்றில்லை, ஒரு இரண்டு கிலோமீற்றராவது றோட்டோரமாக நடந்து பாருங்க. லொறிகள் வேகமாக வரும், கவனம். களைத்தால் கையைக் காட்டினால் பஸ் நிறுத்துவான், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் மட்டும் சீட் கிடைக்காது.